பாலாற்றுக்கு எது குறிக்கோள்?



காஞ்சியினின்று வேலூர் செல்லும் பெருஞ்சாலையில் விரைவோர்க்குத் தாமல் என்பது கண்ணிமைக்கும் பொழுதில் கடந்து போகும் ஓர் ஊர். வரலாறு கற்றவர்க்கோ அது தாமர்க் கோட்டம். தொண்டை நாட்டின் 24 கோட்டங்களுள் ஒன்றன் பெயரை இன்றளவும் தாங்கி நிற்கும் ஊர். கோட்டத்தின் பெயர் பெற்ற ஊரை அடுத்தே மாவட்டத்தின் பேரேரிகளுள் ஒன்று அமைந்திருப்பது தற்செயலாக நேர்ந்ததன்று. நீர் நின்ற இடத்தில் ஊர் நின்றது. ஊர் நின்ற இடத்தில் ஆட்சி நின்றது.

அவ் ஏரி வானத்தை மட்டும் நம்பி வெட்டப்பட்டதன்று. பாலாற்று வெள்ளம் வரத்துக்கால் வழியே வந்து அதனை நிறைக்கும். ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தால், அவ் வழிநீரே வேகவதி என்னும் பெயரோடு காஞ்சி நகரின் ஊடே சென்று, திருமுக்கூடலில் பாலாற்றொடும் சேயாற்றொடும் கூடும். ஆற்று நீர் ஏரியாகிறது; ஏரி நீர் மீண்டும் ஆறாகிறது; அவ் ஆறு தாயாற்றிலேயே சென்று சேர்கிறது! ஆறென்பது இரு கரைகட்கு இடையே ஓடும் ஒரு நீர்க்கோடு என்று எண்ணும் அலுவலகத் தாள்களுக்குத் தாமல் ஏரி ஒன்றே போதிய மறுப்பாகும். ஆறும், அதன் மணலும், அடியூற்றும், கால்களும், ஏரிகளும், வயலும், வயற்கிணறும், அவற்றை அடுத்து வாழும் மீனும் புள்ளும் மரமும் மாந்தரும் எல்லாம் சேர்ந்ததே ஆற்று நிலம். காப்பதென்றால் அதனை முழுமையாகக் காத்தல் வேண்டும்.

காப்பதற்குக் குறிக்கோள் எது? இவ் வினாவுக்கு இதுவரை கிடைத்துவரும் விடைகள் யாவை? இத்தனை தடுப்பணைகள் கட்டப்பட்டன. இத்தனை கோடி உருவா செலவிடப்பட்டது. இத்தனை வண்டி வண்டல் அள்ளப்பட்டது. இவை செயல்களின் கணக்கேயன்றிக் குறிக்கோள்கள் அல்ல. நோயாளிக்கு எத்தனை மாத்திரை கொடுத்தேன் என்று கணக்குக் காட்டும் மருத்துவரிடம், காய்ச்சல் இறங்கிற்றா என்று எவரும் கேளாதிருப்பரோ? பாலாற்றின் காய்ச்சல் இறங்கிற்றா என்று கேட்பார்தாம் இல்லை.

ஏறத்தாழ 348 கிலோமீட்டர் நீளமுடைய பாலாறு, கருநாடகத்து நந்திமலைப் பகுதியில் தோன்றி அங்கே 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டரும் ஓடி, வாயலூர் அருகே கடலில் கலக்கிறது. சென்னை மாநிலத்துக்கும் மைசூர் நாட்டுக்கும் 1892-இல் ஏற்பட்ட உடன்படிக்கையில் பாலாறும் அடங்கும். கீழ்நாட்டின் இசைவின்றி மேல்நாட்டார் புதிய அணை கட்டலாகாது என்பது அதன் உட்கிடை. 2006-இல் குப்பம் அருகே கணேசபுரத்தில் அணை கட்ட ஆந்திர அரசு முனைந்தபோதும், 2016-இல் பெரும்பள்ளம் தடுப்பணையின் உயரத்தைக் கூட்டியபோதும் தமிழ்நாடு உச்ச வழக்குமன்றம் சென்றது. உரிமை வழக்கு நடந்தே தீரல் வேண்டும். அதில் இரு கருத்துக்கு இடமில்லை.

ஆயின், தமிழுணர்வு உடையார் நெஞ்சில் கைவைத்து எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வாலாசாவுக்குக் கிழக்கே பாலாற்று மணலை இரவும் பகலும் அள்ளிச் சென்றது ஆந்திரமா? கருநாடகமா? அள்ளிய கை தமிழன் கை. ஏற்றிய வண்டி தமிழன் வண்டி. கண்டும் காணாதிருந்த அலுவலும் தமிழ்நாட்டு அலுவலே! 2003 முதல் ஆற்றுமணல் எடுக்கும் பொறுப்பு தனியாரிடமிருந்து அரசின் பொதுப்பணித் துறைக்கு மாறியது. ஆழ வரம்புகள் தாளில் எழுதப்பட்டன. மண் தோண்டும் எந்திரங்களுக்கோ எழுத்தறிவு இல்லை.

மணல் போனால் என்ன, தண்ணீர் தானே வேண்டும் என்பார் இன்றும் உளர். பாலாற்றைப் பொறுத்தவரை மணலே ஏரி, மணலே அணை. ஆண்டின் பெரும்பகுதி மேலே நீரோட்டம் காணாத ஆறு அது. அதன் நீர் மணலுக்குள் ஓடும். ஒரு சிறு கணக்கு: ஒரு கிலோமீட்டர் நீளம், 500 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம் உள்ள மணற்பரப்பின் பருமன் 15 நூறாயிரம் கன மீட்டர். மணற் பருக்கைகளின் இடைவெளியில் நிற்கும் நீரில், மணலின் பருமனில் நான்கில் ஒரு பங்கே எடுக்கத் தக்கது எனக் கொண்டாலும், அது 37½ கோடி இலிட்டர் ஆகும். ஒரே ஒரு கிலோமீட்டரில்! இதற்குக் கரை கட்ட வேண்டியதில்லை. நிலம் கையகப்படுத்த வேண்டியதில்லை. மணலுக்குள் ஓரிரு முழம் இறங்கிய நீரை வெயிலும் பெரிதும் தொடுவதில்லை. இத்தகைய களஞ்சியத்தை வீடு கட்டும் சாந்துக்காக விற்றுத் தீர்த்துவிட்டு, அதே இடத்தில் கோடிக்கணக்கில் செலவிட்டுத் தடுப்பணை கட்டுவதைப் பொருளியல் என்று எந்தப் பள்ளியில் கற்பிக்கின்றனரோ தெரியவில்லை.

மணல் போவதால் விளையும் இழப்பு அம்மட்டோடு நிற்பதன்று. ஆற்றின் தரை கீழிறங்குகிறது. அணையின் உதவியின்றி ஆற்றினின்று நேரே பிரியும் கால்களின் வாய்கள், இறங்கிய ஆற்றுக்கு மேலே அந்தரத்தில் தொங்குகின்றன. முன்பு முழங்கால் அளவு வெள்ளத்திற்கே நீர் ஏறிய காலில், இப்போது ஆளுயர வெள்ளம் வந்தாலும் ஏறாது. மணல் நீங்கிய இடத்தில் களி வெளிப்படுகிறது. களியில் நீர் இறங்காது. சீமைக் கருவேல் முளைக்கிறது. கரையோரக் கிணறுகள் ஆற்றோடு சேர்ந்தே இறங்குகின்றன. காஞ்சிக்கும் தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் குடிநீர் தந்துவரும் அடியூற்று அது என்பதை நகர மாந்தர் அறிந்திருந்தால், மணல் வண்டிகளை அவர்களே மறித்திருப்பர்.

முன்னோர் இவ் அடியூற்றை வெளியே கொணரும் நுட்பம் அறிந்திருந்தனர். அதுவே ஊற்றுக்கால். வறண்ட ஆற்றின் மணலில், சரிவு பார்த்து நீள வாய்க்கால் வெட்டுவர். மணலுக்குள் ஊறி ஓடும் நீர் அதில் கசிந்து திரண்டு, பொறியின்றி, எண்ணெயின்றி, மின்னின்றித் தானே ஓடி, கரையேறி வயலுக்கும் ஏரிக்கும் செல்லும். வெள்ளம் வந்து மூடினால் மறு ஆண்டு மீண்டும் வெட்டுவர். கால் வெட்டும் நாளில் வீட்டுக்கு ஓர் ஆள் வரல் வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. (இவ்வகைப் பொதுவுழைப்புக்குக் குடிமராமத்து என்று பின்னாளில் பெயரிட்டனர். அப் பெயரின் பிற்பாதி அரபு நாட்டிலிருந்து வந்தது. உழைப்பு இங்கேயே பிறந்தது.) ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகி, மணல் குறைந்து, அடிநீர் இறங்கிய பின் ஊற்றுக்கால்கள் ஒவ்வொன்றாக நின்றன. இன்று அச் சொல்லைப் பொருளறிந்து கூறுவோர் முதியவர் சிலரே.

இதன்கண் ஈண்டு ஐரோப்பாவின் செய்தி ஒன்றை எண்ணிப் பார்த்தல் தகும். 1986 நவம்பர் முதல் நாள், சுவிட்சர்லாந்து நாட்டில் பாசெல் நகரருகே சாண்டோசு நிறுவனத்தின் வேதிப்பொருட் கிடங்கு தீப்பற்றியது. தீயை அணைத்த நீரோடு பூச்சிக்கொல்லி நஞ்சு இரைன் ஆற்றில் கலந்தது. பன்னூறு கிலோமீட்டர் தொலைவுக்கு விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. மறு ஆண்டே ஆற்றங்கரை நாடுகள் ஐந்தும் கூடி ஒரு திட்டம் வகுத்தன. அதன் குறிக்கோளை எங்ஙனம் எழுதினர்? இத்தனை கோடி செலவிடுவோம் என்றா? அன்று. 2000-ஆம் ஆண்டுக்குள் இரைன் ஆற்றில் சால்மன் மீன் மீண்டும் வாழும் என்று எழுதினர்! அவ் ஆற்றினின்று சால்மன் அற்றுப்போய்ப் பல்லாண்டுகள் ஆகியிருந்தன.

அம் மீனைத் தேர்ந்தமையில் உள்ள கூர்மையை உணர்தல் வேண்டும். சால்மன் கடலினின்று ஆற்றில் ஏறிவந்து முட்டையிடுவது. அது வரவேண்டுமாயின் நீர் தூயதாதல் வேண்டும். அணைகளில் மீன் ஏறும் வழி வேண்டும். ஆற்றுத் தரையில் கூழாங்கல் படுகை வேண்டும். நீரோட்டம் அறாதிருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் மீன் வாராது. கணக்கை மாற்றி எழுதலாம்; மீனை மாற்றி எழுத இயலாது. கழிவுநீர்த் தூய்மிப்பு நிலையங்களும் மீன்வழிகளும் கட்டப்பட்டன. 2000-ஆம் ஆண்டளவில் மேல் இரைன் வரையிலும் சால்மன் காணப்பட்டது. வேலை முற்ற முடிந்தது என்பதற்கில்லை. இன்னும் எல்லா அணைகளையும் தாண்டி அம் மீன் தடையின்றிச் செல்ல இயலவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2000-இல் இயற்றிய நீர்ச்சட்டமும் 2015-க்குள் எல்லா நீர்நிலைகளும் நன்னிலை எய்தல் வேண்டும் என்றது; எய்தாமையின் காலவெல்லையை 2027 வரை நீட்டித்தது. எழுதி வைத்த குறிக்கோள் தானே நிறைவேறாது என்பதற்கு அதுவும் சான்று. ஆயினும் எழுதி வைத்தமையால்தான் எய்தவில்லை என்றேனும் தெரிந்தது!

பாலாற்றின் சால்மன் எது? ஊற்றுக்காலே. ஊற்றுக்கால் ஓட வேண்டுமாயின் மணல் குறித்த கனத்துக்கு நிற்றல் வேண்டும். வெள்ளம் வந்து அம் மணலை நனைத்தல் வேண்டும். கரையோரக் குழாய்க்கிணறுகள் அளவோடு உறிஞ்சுதல் வேண்டும். வரும் நீர் பயிர் ஏற்கும் நீராக இருத்தல் வேண்டும். இந் நான்கும் அமைந்தாலன்றி அது ஓடாது. பங்குனியில் ஊற்றுக்காலில் நீர் ஓடுகிறதா இல்லையா என்பதைக் காணப் பொறியாளர் வேண்டா; ஆடு மேய்க்கும் சிறுவன் போதும். எளியோரும் அளந்தறியத் தக்க குறிக்கோளே ஊராரின் குறிக்கோள் ஆகும்.

இக் குறிக்கோளும் ஆற்றின் எல்லாப் பகுதிக்கும் ஒன்றுபோல் பொருந்தாது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கத்தில் முதல் நோய் வேறு. அங்கே தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு ஆற்றையும் நிலத்தையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகத்து 28-ஆம் நாள் உச்ச வழக்குமன்றம் அளித்த தீர்ப்பு, ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஒரு பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாது போனதாக ஆய்வொன்றைச் சுட்டிக் கூறிற்று. கெடுத்தவனே ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. பின்னர் அமைந்த அதிகார அமைப்பு 2001-இல் ஏறத்தாழ 29 ஆயிரம் பேருக்கு இழப்பீடு வரையறுத்தது. 2025 சனவரி 30-இல் அதே மன்றம் மீண்டும் தீர்ப்பளித்து, கேடு நீங்கும் வரை இழப்பீட்டுப் பொறுப்பும் நீங்காது என்றும், மேற்பார்வைக்கு முன்னாள் நடுவர் ஒருவர் தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்றும் பணித்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள்! முதல் தீர்ப்பின்போது பிறந்த குழவி இன்று குழவிக்குத் தாயாகியிருப்பாள். அங்கே ஊற்றுக்கால் ஓடினாலும் ஓடுவது எந்நீர் என்று கேட்டாக வேண்டும். ஆகவே மேற்பகுதிக்கு நீரின் தூய்மையே முதற் குறிக்கோள். வாலாசா முதல் திருமுக்கூடல் வரை மணலும் கால்களும். அதற்குக் கீழே கடல்வாய் வரை உப்பைத் தடுத்தல்.

கடல்வாய் பற்றி ஒரு சொல். 2021 நவம்பரில் வாலாசா அணையில் நொடிக்கு நூறாயிரம் கன அடிக்கு மேல் வெள்ளம் சென்றது. வாணியம்பாடியை அழித்த 1903-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின் இத்தகைய வெள்ளம் கண்டதில்லை என்றனர். கடலில் கலந்த நீரெல்லாம் வீண் என்று செய்தித்தாள்கள் புலம்பின. ஆற்றுநீர் கடலைத் தொடுவது வீணன்று. ஆறு கொணரும் மணலே கடற்கரையைக் காக்கிறது. ஆற்றுநீரின் அழுத்தமே அடியூற்றில் உப்புநீர் உட்புகாமல் தடுக்கிறது. முகத்துவாரத்து மீனும் இறாலும் அக் கலப்பு நீரில்தான் பெருகும். வெள்ளத்தில் எவ்வளவு ஏரிக்கு, எவ்வளவு மணலுக்கு, எவ்வளவு கடலுக்கு என்று பங்கிட்டு எழுதுவதே அறிவுடைய குறிக்கோள்.

இனி ஏரிக்கு வருவோர், குறிக்கோள்கள் ஒன்றோடொன்று மோதுவதைக் காண்பர். உழவர்க்கு ஏரி ஆழமாதல் வேண்டும். தைக்குப் பின்னும் மதகில் நீர் வரல் வேண்டும். மீன் குத்தகையாளர்க்கு நீர் சீக்கிரம் வற்றினால்தான் மீன் பிடிக்க எளிது. பறவைக்கோ ஆழம் ஆகாது. உள்ளானும் அரிவாள்மூக்கனும் கணுக்கால் நீரில் நடந்து இரை தேடுபவை. ஏரியை ஓரம் வரை ஒரே ஆழமாகப் பள்ளம் பறித்துவிட்டால், கோரை விளையும் ஓரமும் குஞ்சு மீன் ஒளியும் செடிப்பற்றும் அழிந்து, ஏரி வெறும் தொட்டியாகும். தூர் வாரலாகாது என்பது இதன் பொருளன்று. மதகருகே ஆழமும், உள்வாயில் சரிவும், நடுவே மண்திட்டும் விட்டு வாரல் வேண்டும். அளவெடுக்கும் அலுவலர்க்கு இது தொல்லை. சதுரக் குழிக்குக் கணக்கெழுதுவது அவர்க்கு எளிது.

உழவும் புள்ளும் பகையல்ல என்பதை மெய்ப்பித்தவர் இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஊரார். ஏரியின் நீர்க்கடம்ப மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை உணர்ந்த அவர்கள், வெள்ளையர் படையினர் பறவைகளைச் சுடுவதை எதிர்த்து முறையிட்டு, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கல்பட்டு ஆட்சியரிடம் பாதுகாப்பு எழுத்து வாங்கினர். காடுகாப்புச் சட்டங்கள் எவையும் பிறவாத காலம் அது! 2022-இல் அவ் ஏரி உலக ஈரநில உடன்படிக்கைப் பட்டியலில் சேர்ந்தது. இடையே 2020-இல், ஐந்து கிலோமீட்டர் காப்பு எல்லையை மூன்றாகச் சுருக்க அரசின் பக்கமிருந்தே ஒரு முன்மொழிவு எழுந்து, கடும் எதிர்ப்புக்கு உள்ளானது. ஊரார் இருநூறு ஆண்டு காத்ததைத் தாள் ஒன்று இரண்டு கிலோமீட்டர் குறைக்க முனைந்தது.

அங்ஙனமாயின் குறிக்கோளை வகுப்பவர் யார்? காத்தவர் யார் என்பதை இம் மாவட்டத்து உத்தரமேரூர்க் கல்லே சொல்லும். முதற் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகவே போற்றப்படுகின்றன. தேர்ந்தெடுக்கப்பட்டோருள் அறுவர் ஏரி வாரியம் என்பதைப் பேசுவோர் குறைவு. 30 குடும்புகளினின்று தேர்வு. ஆட்சிக் காலம் 360 நாள். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் பின்னர்த் தேர்தலுக்கே தகுதியற்றவர். அவ் ஊரின் வயிரமேகத் தடாகத்தில் ஆண்டுதோறும் தூர் எடுக்கப் பொன் முதலிட்டு, அதன் பொலிசையைச் செலவிட்ட ஏற்பாட்டையும் பல்லவர் காலக் கல்வெட்டு காட்டும்.

அம் முறையைப் பொற்காலம் என்று முற்றப் புகழ்வதும் பொருந்தாது. அது பார்ப்பனர்க்குக் கொடையாக விடப்பட்ட ஊர். கால்வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும் மறைக் கல்வியும் உடையவர்க்கே அவ் அவையில் இடம். ஏரியில் இறங்கி மண் சுமந்தவனுக்கு ஓலையில் பெயரில்லை, பெண்ணுக்கும் இல்லை. கொள்ள வேண்டியது கணக்குக் காட்டும் கட்டாயத்தை. தள்ள வேண்டியது அக் குடவோலையின் குறுகிய வாயை. இன்றைய ஊரவையில் நிலமற்றவரும் பெண்டிரும் வாக்குரிமை பெற்றுள்ளனர். ஆயின் அவ் ஊரவையில் ஏரி பற்றிய கணக்கு வருவதில்லை. மதகு ஒரு துறையிடம். மீன் ஒரு துறையிடம். ஓரத்து மரம் ஒரு துறையிடம். மணல் ஒரு துறையிடம். பறவை எத் துறையிடம் மனு எழுதும்?

காஞ்சி நகரில் வேகவதிக் கரைக்குள் கட்டப்பட்ட குடியிருப்புகளின் ஏழையரைக் கீழ்க்கதிர்பூர் அடுக்கு வீடுகளுக்குப் பெயர்க்கும் பணியும் இதனோடு தொடர்புடையதே. ஆற்றுப் புறம்போக்கில் குடிசை போட்டவன் கண்ணுக்குத் தெரிகிறான்; அதே ஆற்றில் நகரக் கழிவை விடும் குழாய் தெரிவதில்லை. வீடுகளை அகற்றிக் குழாயை விட்டுவைத்தால், தாமலில் தூய நீராய்ப் புறப்படுவது திருமுக்கூடலைச் சாக்கடையாய்ச் சேரும்.

தாமல் ஊரார் தொடங்கத் தக்கது பெரிய செலவில்லாதது. ஏரிக்கரைக்கு உள்ளும் புறமும் பாலாற்றோரத்திலும் சில பொதுக்கிணறுகளைத் தேர்ந்து, உட்சுவரில் அடிக் கோடுகள் வரைதல். திங்கள்தோறும் நீர்மட்டத்தைப் பார்த்து எழுதுதல். வரத்துக்காலில் முதல் வெள்ளம் ஏறிய நாளையும் கலங்கல் வழிந்த நாளையும் நீர்க்கட்டியின் வாய்மொழியாகவே பதிதல். மழைக்கு முன்னும் பின்னும் ஆற்று மணலில் கம்பி இறக்கி, களி தட்டும் ஆழத்தை அளத்தல். பள்ளிச் சிறுவர் தையில் ஏரிப் பறவைகளை வகைப்படுத்தி எண்ணுதல். இவற்றின் பக்கத்தில், ஐந்து ஆண்டில் எய்த வேண்டிய அளவை ஊரவையே எழுதுதல். மார்ச்சு 22, உலக நீர்நாளிலும் தமிழ்நாட்டில் ஊரவை கூடுகிறது. அந் நாளில் அவ் ஏட்டை எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படித்தல் வேண்டும். நீர்வளத் துறை அலுவலர் எதிரே அமர்ந்து கேட்டல் வேண்டும். முதற் கோடு எந்தக் கிணற்றில் வரையப்பட வேண்டும் என்பதை இன்று இங்கே கூடியுள்ளோரே முடிவு செய்யலாம். ஐப்பசி மழைக்கு முன் அது வரையப்பட்டால், இவ் ஆண்டின் வெள்ளமும் கணக்கில் வரும்.